ஒட்டுண்ணிகளின் பாலிஅமின் வளர்சிதைமாற்றமும் புதிய மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிஅமின்கள் என்பவை எவை?

ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருக்கும், நேர்மின்னூட்டம் கொண்ட சிறிய கரிமச் சேர்மங்களே பாலிஅமின்கள். புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகிய மூன்றும் அவற்றுள் முக்கியமானவை. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் எதிர்மின்னூட்டத்தோடு பிணைந்து அவற்றின் வடிவத்தைக் காப்பதும், புரத உற்பத்திக்கு உதவுவதும், உயிரணுப் பிரிதலுக்கு வழிவிடுவதும் இவற்றின் வேலைகள். விரைந்து பெருகும் உயிரணுவுக்கு இவை கூடுதலாகத் தேவைப்படும். புற்றணுக்களும் ஒட்டுண்ணிகளும் அவ்வாறு பெருகுபவை என்பதால், இந்தத் துறையில் புற்றுநோய் ஆய்வும் ஒட்டுண்ணி ஆய்வும் தொடக்கத்திலிருந்தே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்திருக்கின்றன.

உயிரணு இவற்றை எப்படித் தயாரிக்கிறது?

ஆர்னிதின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டைஆக்சைடை நீக்கிப் புட்ரெசினை உண்டாக்குகிறது ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி. இதை இனி ஓ.டி.சி. என்று குறிப்பிடுவோம். மறுபுறம், எஸ்-அடினோசைல்மெத்தியோனின் டிகார்பாக்சிலேஸ் என்ற இன்னொரு நொதி, புட்ரெசினோடு சேர்க்க வேண்டிய துண்டைத் தயார் செய்கிறது. இரண்டையும் இணைத்து ஸ்பெர்மிடினை உருவாக்குவது ஸ்பெர்மிடின் சிந்தேஸ். மனித உயிரணுக்கள் இதற்கு மேலும் ஒரு படி சென்று ஸ்பெர்மினைத் தயாரிக்கின்றன. ஆப்பிரிக்காவில் காணப்படும் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா என்ற ஒற்றை உயிரணு ஒட்டுண்ணியோ மலேரியா ஒட்டுண்ணியோ அந்தப் படியைச் செய்யும் நொதியைக் கொண்டிருக்கவில்லை.

இதே பாதை மனித உடலிலும் இருக்கும்போது, மருந்து ஒட்டுண்ணியை மட்டும் தாக்குவது எப்படி?

இந்தத் துறையின் மையமான கேள்வி இதுதான். பாடநூல்கள் பெரும்பாலும் தரும் விடை, ஒட்டுண்ணியின் நொதி மனித நொதியிலிருந்து வடிவத்தில் வேறுபட்டிருக்க வேண்டும், அந்த வேறுபாட்டுக்குள் மருந்து பொருந்த வேண்டும் என்பது. ஓ.டி.சி.யைத் தடுக்கும் எஃப்ளோர்னிதின் என்ற மருந்தில் அந்த விடை செல்லுபடியாகவில்லை. எஃப்ளோர்னிதின் ஆர்னிதினைப் போன்ற உருவம் கொண்டது. நொதி அதைத் தன் வழக்கமான மூலப்பொருள் என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. நடுவழியில் அந்த மூலக்கூறு ஒரு ஃப்ளூரினை இழந்து, நொதியின் செயல்மையத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. மனித நொதியும் டிரிப்பனோசோமா நொதியும் இதற்கு ஏறக்குறைய ஒரே அளவில்தான் இரையாகின்றன.

வேறுபாடு இருப்பது நொதியின் வடிவத்தில் அன்று, அதன் ஆயுளில். பாலூட்டிகளின் ஓ.டி.சி. மிகக் குறுகிய காலமே வாழும் புரதம். அதன் அரையாயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், ஒரு மணிக்கும் குறைவு. மருந்து இன்று ஒரு தொகுதி நொதியை முடக்கினாலும், உயிரணு சிறிது நேரத்தில் புதிய தொகுதியைத் தயாரித்துவிடும். தூக்க நோய்க்குப் பெரும்பாலும் காரணமான டிரிப்பனோசோமா புரூசி காம்பியென்ஸ் தன் ஓ.டி.சி.யை அவ்வாறு அடிக்கடி புதுப்பிப்பதில்லை. அதன் நொதி 18 மணி நேரத்துக்கும் மேலான அரையாயுள் கொண்டது. ஒருமுறை முடக்கப்பட்டால் பதிலுக்கு வருவதற்கு நெடுநேரம் ஆகும். எலியின் ஓ.டி.சி.யில், அதைச் சிதைவுக்கு அனுப்பும் அடையாளமாக வால்பகுதியில் ஓர் அமினோ அமிலத் தொடர் உண்டு; டிரிப்பனோசோமாவின் நொதியில் அந்தத் தொடர் இல்லை. 1990-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்த வால்பகுதியை டிரிப்பனோசோமா நொதியோடு ஒட்டவைத்தபோது, பாலூட்டி உயிரணுவுக்குள் அதுவும் விரைவில் சிதையத் தொடங்கியது. எவ்வளவோ சிக்கலான வாதங்களை ஒரே அடியில் தீர்த்துவைத்த எளிய சோதனை அது.

இதோடு இன்னொரு சூழ்நிலையும் சேர்ந்துகொண்டது. மனித இரத்தத்தில் வாழும் டிரிப்பனோசோமாவால் வெளியிலிருந்து பாலிஅமின்களைப் போதிய அளவு உறிஞ்சிக்கொள்ள முடிவதில்லை. எனவே நொதி நீண்ட நேரம் வாழ்வது, வெளியிலிருந்து வரவு இல்லாதது ஆகிய இரண்டும் ஒருங்கே அமைந்ததால்தான் மருந்து பலித்தது. இவற்றில் ஒன்று மாறினாலும் என்ன ஆகும் என்பதை மற்ற ஒட்டுண்ணிகள் காட்டுகின்றன.

எஃப்ளோர்னிதின் தூக்க நோய்க்காகவே கண்டுபிடிக்கப்பட்டதா?

இல்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த மெரெல் ஆய்வு மையத்தில் 1970-களின் பிற்பகுதியில் புற்றுநோயை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட சேர்மம் அது. புற்றுநோயில் எதிர்பார்த்த பலன் அப்போது கிடைக்கவில்லை. நியூயார்க்கின் பேஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைரஸ் பாக்கியும் உடன் ஆய்வாளர்களும், டிரிப்பனோசோமா தொற்றிய எலிகளுக்குக் குடிநீரில் இதைக் கலந்துகொடுத்து, அவை குணமடைந்ததை 1980-ல் அறிவித்தனர். அதைத் தொடர்ந்து சூடானில் நோயாளிகளுக்குத் தரப்பட்டது. நோய் மூளையைத் தொட்ட பின் நினைவிழந்து கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததைக் கண்டவர்கள் அதற்கு ‘உயிர்த்தெழுதல் மருந்து’ என்று பெயரிட்டார்கள். 1990-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் வழங்கியது.

அந்த வரவேற்பைப் புரிந்துகொள்ள, அதுவரை கையில் இருந்த மருந்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மூளையை எட்டிய தூக்க நோய்க்குப் பயன்பட்டது மெலார்சொப்ரோல் என்னும் ஆர்செனிக் சேர்மம். சிரைவழியாக ஏற்றும்போதே எரிச்சல் தாங்க முடியாததாக இருக்கும்; சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் அந்த மருந்தாலேயே இறந்தனர்.

எஃப்ளோர்னிதின் ஒட்டுண்ணியை நேரடியாகக் கொல்கிறதா?

பெரும்பாலும் இல்லை. பாலிஅமின் வற்றிய டிரிப்பனோசோமா பிரிவதை நிறுத்திவிடுகிறது. தன் மேலுறைப் புரதத்தை மாற்றி மாற்றி நோய் எதிர்ப்பு மண்டலத்தை ஏமாற்றும் திறனும் பெருக்கத்தோடு பிணைந்தது என்பதால், பெருக்கம் நின்ற ஒட்டுண்ணியை உடலின் எதிர்ப்பொருள்கள் துடைத்தெடுக்கின்றன. நோய் எதிர்ப்பாற்றல் ஒடுக்கப்பட்ட விலங்குகளில் இம்மருந்து முழுக் குணத்தைத் தரவில்லை என்பது இதற்குச் சான்று.

நடைமுறையில் இதை நோயாளிக்கு எப்படிக் கொடுத்தார்கள்?

கஷ்டப்பட்டுத்தான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் என்பது அளவு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 20 கிராம் ஆகிறது. மாத்திரை மருந்துகளை மில்லிகிராமில் எண்ணிப் பழகியவர்களுக்கு இது திகைப்பூட்டும் அளவு. அந்த 20 கிராமை ஐந்து ஐந்து கிராமாகப் பிரித்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் விடாமல், சிரைவழியாக மெதுவாகச் சொட்டவிட வேண்டும். 14 நாட்களில் 56 முறை. மொத்தம் 280 கிராம் மருந்து. ஒவ்வொரு முறைக்கும் தூய்மையான நீர்மம், குழாய், ஊசி, கண்காணிக்க ஒரு செவிலியர். மின்சாரமும் சாலையும் இல்லாத காங்கோ, தென் சூடான் ஊர்ப்புற மருத்துவ மையங்களில் இதைச் செய்தார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மருந்தின் மூலக்கூறு சிறப்பாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

2009-ல் நிலைமை ஓரளவு மாறியது. நிஃபர்டிமாக்ஸ் என்ற வாய்வழி மருந்தை 10 நாட்களுக்கு உடன் கொடுத்தால், எஃப்ளோர்னிதினை நாளைக்கு இருமுறை வீதம் 7 நாட்களுக்கு ஏற்றினாலே போதும் என்பது காங்கோ நாடுகளிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வுகளில் தெளிவானது. 56 முறை 14 முறையாகக் குறைந்தது. அவ்வாண்டே உலக சுகாதார நிறுவனம் இந்தக் கூட்டுச் சிகிச்சையை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இடையில் மருந்தின் உற்பத்தி நின்றுபோனதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. நோயாளிகள் ஏழை நாடுகளின் ஏழைகள் என்பதால் சந்தை இல்லை. 1990-களின் நடுப்பகுதியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2000-ல் அதே சேர்மம், பெண்களின் முகத்தில் வளரும் தேவையற்ற முடியைக் குறைக்கும் களிம்பாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முடி வேருக்கும் ஓ.டி.சி. தேவை என்பதால் களிம்பு வேலை செய்கிறது. அறிவியலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உயிர்காக்கும் ஊசிமருந்து கிடைக்காதபோது அழகுசாதனக் களிம்பு கடைக்கு வந்தது பலருடைய மனச்சான்றையும் உறுத்தியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உள்ளிட்டோரின் அழுத்தத்துக்குப் பின், 2001-ல் அவெண்டிஸ் மருந்து நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்து இலவசமாக வழங்கப்பட்டது.

தூக்க நோய்க்கு இன்றும் எஃப்ளோர்னிதின் தேவைப்படுகிறதா?

முன்புபோல இல்லை. 10 நாட்கள் உணவோடு விழுங்கும் ஃபெக்ஸினிடசோல் மாத்திரை 2018-ல் ஐரோப்பிய மருந்து முகமையின் ஆதரவான கருத்தைப் பெற்றது. காம்பியென்ஸ் வகை நோயாளிகள் பலருக்கு அதுவே இப்போது முதல் தெரிவு. மூளைத்தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் மிகுந்துள்ள கடுமையான நிலையில் எஃப்ளோர்னிதின் கூட்டுச் சிகிச்சைக்கு இன்னும் இடம் இருக்கிறது. 1998-ல் பதிவான நோயாளிகள் 40,000-ஐ நெருங்கினார்கள். 2018-ல் ஆயிரத்துக்கும் குறைவு. இந்தச் சரிவில் பெரும்பங்கு ஊர் ஊராகச் சென்று இரத்தப் பரிசோதனை செய்து நோயாளிகளைக் கண்டுபிடித்த நடமாடும் குழுக்களுடையது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் ரொடீசியென்ஸ் வகைக்கு இது ஏன் பயன்படவில்லை?

அதன் ஓ.டி.சி. விரைவாகப் புதுப்பிக்கப்படுகிறது, அரையாயுள் சுமார் 4 மணி நேரம்தான். நொதியின் செயல் ஏறத்தாழ ஒன்றே, ஒட்டுண்ணியும் நெருங்கிய உறவுதான். ஆனாலும் மருந்து தோற்கிறது. இந்த ஒரு காரணமே முழு விளக்கம் ஆகிவிடாது என்றாலும், மேலே சொன்ன ஆயுள் வாதத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

டிரிப்பனோதயோன் என்பது என்ன? அதை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஸ்பெர்மிடின் மூலக்கூறு ஒன்றின் இரு முனைகளிலும் குளுட்டத்தயோன் மூலக்கூறுகளை இணைத்தால் கிடைப்பது டிரிப்பனோதயோன். 1985-ல் ஆலன் ஃபேர்லாம்பும் அந்தோனி செராமியும் இதை இனங்கண்டார்கள். மனித உயிரணு ஆக்சிஜனேற்றச் சேதத்தைச் சமாளிக்கக் குளுட்டத்தயோனையும் அதற்குரிய ரிடக்டேஸ் நொதியையும் நம்பியிருக்க, டிரிப்பனோசோமாவும் அதன் உறவான லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியும் அந்த நொதி இல்லாமல், டிரிப்பனோதயோனையும் டிரிப்பனோதயோன் ரிடக்டேஸையும் வைத்தே காலம் தள்ளுகின்றன. பாலிஅமின் பாதையை அடைத்தால் இந்தக் காப்பும் சேர்ந்து தளர்கிறது. மெலார்சொப்ரோலின் ஆர்செனிக்கும் டிரிப்பனோதயோனோடு பிணைகிறது.

மனிதரிடம் இல்லாத நொதி என்பதால் டிரிப்பனோதயோன் ரிடக்டேஸ் மிகச் சிறந்த இலக்காகத் தோன்றியது; பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் அதன்பின் ஓடியிருக்கிறார்கள். ஆனால் மரபணு மாற்றத்தால் அந்த நொதியின் அளவைக் குறைத்துப் பார்த்தபோது, இயல்பு அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகே டிரிப்பனோசோமாவின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. அதாவது ஒரு மருந்து அந்த நொதியில் 90 விழுக்காட்டுக்கும் மேலாக, இடைவிடாமல் முடக்கிவைக்க வேண்டும். போதாததற்கு, அதன் செயல்மையம் அகன்றும் எண்ணெய்ப்பசை விரும்புவதாகவும் இருப்பதால், சிறிய மருந்து மூலக்கூறுகள் அதில் பிடிமானம் பெறுவது கடினம். தாளில் இதைவிட நல்ல இலக்கு இல்லை. ஆய்வகத்தில் இதைவிட ஏமாற்றமளித்த இலக்குகளும் குறைவு.

சாகாஸ் நோய்க்கு இதே மருந்தைக் கொடுக்கலாமா?

கொடுத்தால் பயன் இல்லை. தென் அமெரிக்காவில் சாகாஸ் நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா குரூசியிடம் ஓ.டி.சி. மரபணுவே கிடையாது. மனித உயிரணுவுக்குள் குடியிருந்து, அங்குள்ள புட்ரெசினைத் தன் கடத்திப் புரதங்கள் வழியாக எடுத்துக்கொள்கிறது. பியூனஸ் அயர்ஸ் ஆய்வாளர்கள் வேறோர் ஒற்றை உயிரணு ஒட்டுண்ணியின் ஓ.டி.சி. மரபணுவை இதற்குள் செலுத்தினார்கள். அப்போது அது வெளிப் பாலிஅமின் இல்லாமலேயே வளர்ந்தது, கூடவே எஃப்ளோர்னிதினுக்கும் இரையானது. இல்லாத இலக்கைத் தாக்க முடியாது என்பதைத் தலைகீழாக நிறுவிய சோதனை. இங்கே கவனம் கடத்திப் புரதங்களின் மீதுதான் திரும்ப வேண்டும். அவற்றைத் தடுக்கும் மருந்துக்கான தேடல் இன்னும் தொடக்க நிலையைத் தாண்டவில்லை.

லீஷ்மேனியாவின் நிலை என்ன?

பீகாரில் மண்ணீரலையும் கல்லீரலையும் தாக்கும் காலா அசார் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா டொனோவானி இனம்தான் இலங்கையில் தோலில் புண்ணாக வெளிப்படும் லீஷ்மேனியா நோய்க்கும் காரணம் என்பதால், இந்தக் கேள்வி நம்மவர்களுக்கு அயலானது அன்று.

இந்த ஒட்டுண்ணிக்கு ஓ.டி.சி. உண்டு. வளர்ப்பு ஊடகத்தில் எஃப்ளோர்னிதின் அதன் வளர்ச்சியை நிறுத்துகிறது. விலங்குகளில் பலன் ஓரளவே. அப்படியானால் இலக்கே தவறா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஆய்வாளர்கள் மரபணுவை நீக்கி இதற்கு விடை தேடினார்கள். ஓ.டி.சி. மரபணு நீக்கப்பட்ட லீஷ்மேனியா எலிகளில் தொற்றும் ஆற்றலை மிகக் கடுமையாக இழந்தது. அதற்கு ஒரு படி முந்தைய ஆர்ஜினேஸ் நொதியை நீக்கியபோது ஏற்பட்ட இழப்பு மிதமானதே. ஏனென்றால் ஓம்புயிரியிடம் ஆர்னிதின் கிடைக்கிறது. லீஷ்மேனியா வாழ்வது, கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்பு உயிரணுவான மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் ஒரு சிற்றறையில். அங்கே கிடைக்கும் பாலிஅமின் அதற்குப் போதவில்லை என்று இதிலிருந்து கொள்ளலாம். ஆகவே இலக்கு சரியானது, மருந்துதான் போதவில்லை. எஃப்ளோர்னிதின் அந்தச் சிற்றறை வரை போதிய அளவில் சென்று சேரும் மூலக்கூறு அன்று என்றே நான் கருதுகிறேன்.

காலா அசாருக்கு நெடுங்காலம் பயன்பட்ட ஆண்டிமனி மருந்துகளும் இந்தப் பாதையைத் தொடுகின்றன. அவை டிரிப்பனோதயோன் அமைப்பைக் குலைக்கின்றன. எதிர்ப்புத் திறன் பெற்ற லீஷ்மேனியா வகைகள் சிலவற்றில் டிரிப்பனோதயோன் அளவு உயர்ந்திருந்தது.

மலேரியாவில் இந்தப் பாதை பயன்படுமா?

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தில் ஒரு வியப்பு இருக்கிறது: மற்ற உயிர்களில் தனித்தனியாக இருக்கும் ஓ.டி.சி.யும் எஸ்-அடினோசைல்மெத்தியோனின் டிகார்பாக்சிலேஸும் இதில் ஒரே நீண்ட புரதமாக இணைந்திருக்கின்றன. ஆய்வகத்தில் எஃப்ளோர்னிதின் ஒட்டுண்ணியின் பிரிதலை நிறுத்துகிறது. ஆனால் ஊடகத்தில் புட்ரெசினைச் சேர்த்தால் அது மீண்டும் வளரத் தொடங்கிவிடுகிறது. தொற்றிய சிவப்பணுக்கள் வெளியிலிருந்து பாலிஅமின்களைக் கூடுதலாக உறிஞ்சவும் செய்கின்றன. முன்வாசலை அடைத்தாலும் கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடக்கிறது. எலி மலேரியாவில் இரத்த நிலையைவிடக் கல்லீரல் நிலை இம்மருந்துக்கு எளிதில் கட்டுப்பட்டது. ஓ.டி.சி.யை மட்டும் தாக்கும் மருந்தால் மலேரியாவைக் குணப்படுத்த முடியும் என்று இன்று எதிர்பார்ப்பதற்கில்லை. உற்பத்தியையும் உறிஞ்சுதலையும் ஒருசேரத் தடுக்கும் கூட்டுக்கே வாய்ப்பு.

ஓ.டி.சி. தவிர வேறு எந்த நொதிகள் இலக்காகக் கருதப்படுகின்றன?

எஸ்-அடினோசைல்மெத்தியோனின் டிகார்பாக்சிலேஸ் முதன்மையானது. எம்.டி.எல். 73811 என்ற தடுப்பான் டிரிப்பனோசோமா தொற்றிய எலிகளைக் குணப்படுத்தியது. மூளைக்குள் போதிய அளவு புகாததால் நோயின் பிந்தைய நிலைக்கு அது உதவவில்லை. இந்த நொதியைப் பற்றி 2007-ல் டெக்சாஸில் மார்கரெட் பிலிப்ஸ் குழுவினர் கண்டது சுவையானது. டிரிப்பனோசோமாவில் இந்த நொதி தனியாக இருக்கையில் ஏறக்குறையச் செயலற்றது. தானே எந்த வினையும் புரியாத, அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘செத்த’ இணைப்புரதம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால் அதன் வேகம் ஆயிரம் மடங்குக்கும் மேல் உயர்கிறது. அந்த இணைப்புரதத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் ஒட்டுண்ணி தன் பாலிஅமின் உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறது. மனிதரில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஆகவே இரு புரதங்களும் ஒட்டும் இடத்தைக் குறிவைப்பது, குறைந்தபட்சம் கொள்கையளவில், மனித நொதியைத் தொடாத வழி.

டியாக்ஸிஹைப்யூசின் சிந்தேஸ் என்பது மற்றொன்று. ஸ்பெர்மிடினின் ஒரு பகுதியை எடுத்து, புரத உற்பத்திக்குத் தேவையான ஒரு காரணிப் புரதத்தில் பொருத்தும் நொதி அது. டிரிப்பனோசோமாவில் இதற்கும் அதேபோன்ற ‘செத்த’ இணைப்புரதம் தேவைப்படுகிறது.

எஃப்ளோர்னிதினுக்கு எதிர்ப்புத் திறன் உருவாகுமா?

உருவாகும், அதுவும் எளிதாக. மருந்து டிரிப்பனோசோமாவுக்குள் நுழைவது ஏ.ஏ.டி.6 என்ற ஒரே ஓர் அமினோ அமிலக் கடத்தி வழியாக. அந்த மரபணுவை இழந்தால் ஒட்டுண்ணி மருந்திலிருந்து தப்பிவிடுகிறது. கடத்தி இல்லாமலும் ஆய்வகத்தில் அதனால் வாழ முடிகிறது. நிஃபர்டிமாக்ஸோடு சேர்த்துக் கொடுப்பதற்கு வசதி மட்டுமன்றி இதுவும் காரணம்.

பாலிஅமின் குறைந்த உணவை உண்டால் நோய் குறையுமா?

குறையாது. பாலிஅமின்கள் பருப்பு, சோயா, பாலாடைக்கட்டி எனப் பல உணவுகளில் உள்ளன, குடல் நுண்ணுயிர்களும் அவற்றைத் தயாரிக்கின்றன, உடலும் தயாரிக்கிறது. நோயாளியின் உணவைக் குறைப்பது அவரைத்தான் மெலியச் செய்யும்.

பக்கவிளைவுகள் எவை?

வயிற்றுப்போக்கு, இரத்த அணுக்கள் குறைதல், சில வேளைகளில் வலிப்பு ஆகியவை தூக்க நோய்ச் சிகிச்சையில் காணப்பட்டவை. நெடுநாள் வாய்வழியாக உட்கொள்வோருக்குச் செவித்திறன் குறையக்கூடும். மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் திரும்பிவிடும். மெலார்சொப்ரோலோடு ஒப்பிட்டால் இவை தாங்கக்கூடியவை.

எஃப்ளோர்னிதின் இன்று வேறு எதற்கேனும் பயன்படுகிறதா?

ஆம். 2023 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயில், தீவிர ஆபத்துள்ள பிரிவினருக்கு, முந்தைய சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பாமல் தடுக்க எஃப்ளோர்னிதின் மாத்திரைக்கு ஒப்புதல் அளித்தது. அந்தப் புற்றணுக்களில் பலவற்றில் மிகையாக இயங்கும் எம்.ஒய்.சி.என். என்ற மரபணு ஓ.டி.சி. உற்பத்தியைத் தூண்டுகிறது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் புற்றுநோயை எண்ணித் தொடங்கிய சேர்மத்துக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இடம் கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.